நுரையா, ஏடா, பூஞ்சணமா?

இரவு 11 மணிக்கு, லண்டனின் ஹாரோ பகுதியிலிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி. மூடியைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தில் மேலிருந்து எடுத்தது. உள்ளே 23 லிட்டர் பீர், கடுந்தேநீர் நிறத்தில். அதன் மேல் சாம்பல் கலந்த வெள்ளையில் ஏதோ படர்ந்திருந்தது. பின்னாலேயே குரல் செய்தி: "அண்ணை, இது பழுதாப் போச்சோ? ஊத்திறதோ, வைக்கிறதோ?"

யாழ்ப்பாணத்துத் தம்பி. இரண்டாவது முறையாகக் காய்ச்சுகிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியாக எப்போது மூடியைத் திறந்தாய், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் என்ன காட்டுகிறது, மேலே இருப்பது ஈரமாகப் படுத்திருக்கிறதா, உலர்ந்து பஞ்சுபோல் எழுந்து நிற்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடையே, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "குடி" என்றோ "கொட்டு" என்றோ தீர்ப்புச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. பல வருடங்களாக வாளியோடு பழகியபின் அந்தப் பழக்கத்தின் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பீரின் மேற்பரப்பு சொல்லும் செய்தி பெரும்பாலும் காற்றைப் பற்றியது: உள்ளே ஆக்சிஜன் போயிருக்கிறதா, எப்போது போயிற்று, அதைப் பயன்படுத்திக்கொண்டு வளர்ந்தது யார். நஞ்சைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல முயல்வது அதைத்தான்.

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டும் என்ற நிலை 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் காலத்தில் நீங்கியது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், மறுவருடம் பிப்ரவரியிலிருந்து அதை அனுமதித்தது. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிக்க இடமில்லை. ஆகவே நான் பேசுவது, அனுமதி உள்ள நாடுகளின் அடுக்களைகளைப் பற்றி.

வாளியைப் பார்த்ததும் எழுகிற கேள்வி ஒன்றுபோல் தோன்றினாலும் அதில் மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. குடித்தால் உடம்புக்குக் கெடுதலா? குடிக்க நன்றாக இருக்குமா? புட்டியில் அடைத்தால் புட்டி தாங்குமா? முதல் கேள்விக்குப் பயந்து இரண்டாவதற்குப் பதில் தேடுகிறோம். மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை. என் அனுபவத்தில் ஆளைக் காயப்படுத்தியது மூன்றாவதுதான்.

உடம்புக்குக் கெடுதல் என்றதும் ஊரில் இருக்கும் வாசகருக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்தது நினைவுக்கு வரும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மெத்தனால் ஆலைகளில் புழங்கும் கரைப்பான், வெளியிலிருந்து கலக்கப்பட்டது. பார்லி மால்ட் சாற்றில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பதால் அந்த அளவு மெத்தனால் உண்டாகாது. நொதித்தலில் மெத்தனால் வருவது பெரும்பாலும் பழங்களின் பெக்டினிலிருந்து. தானியத்தில் பெக்டின் மிகக் குறைவு. இந்தப் பயத்தை முதலில் எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டால்தான் மற்றதை நிதானமாகப் பார்க்க முடியும்.

நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை பீர் ஓர் அரண் உள்ள திரவம். நொதித்து முடிந்த பீரின் பிஹெச் அளவு ஏறத்தாழ 4 முதல் 4.5 வரை. அதோடு ஆல்கஹால், ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் பற்றாக்குறை, ஈஸ்ட் தின்றபின் கொஞ்சமே மிஞ்சும் சர்க்கரை. இத்தனையும் சேர்ந்து நிற்கும் இடத்தில் சால்மொனெல்லா போன்றவை பெருக முடிவதில்லை. ஆனால் இந்த அரண் ஈஸ்ட் கட்டியது. ஈஸ்ட் போடுவதற்கு முன் அந்த மால்ட் சாறு வெறும் இனிப்புக் கஷாயம். பிஹெச் 5-க்கு மேல். காய்ச்சிய சாற்றைக் காற்றுப் புகாத கேனில் அடைத்து வாரக்கணக்கில் வைத்திருந்து பிறகு ஈஸ்ட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டுலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் நுண்ணுயிர் பிஹெச் 4.6-க்கு மேல், ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் செழிக்கும். அந்தக் கேனின் மேற்பரப்பில் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். நுரையைப் பார்த்துப் பதறுகிற அதே ஆள் இதைக் கவனிக்காமல் விடுகிறார்.

இனி நுரை. சாற்றை 20 டிகிரி அளவுக்கு ஆறவைத்து ஈஸ்ட் தூவிய மறுநாள், மூடியில் பொருத்திய ஏர்லாக்கில் நீர் குமிழியிடத் தொடங்கும். உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக்கூட நுரை எழும். ஜெர்மானியர் இதை க்ராய்சன் என்பார்கள். துவரம்பருப்பு வேகும்போது பாத்திரத்தின் விளிம்பில் பொங்கி நிற்குமே, மஞ்சளும் அழுக்கு வெள்ளையுமாக, அதை ஒத்தது. இரண்டிலும் புரதம்தான் குமிழியைப் பிடித்து நிறுத்துகிறது. பீர் நுரையில் கூடுதலாக ஹாப்ஸ் பிசினும் ஈஸ்டும் சேர்வதால் பழுப்புத் திட்டுகள், கரும்பழுப்புக் கட்டிகள், பச்சைத் துணுக்குகள் எல்லாம் மிதக்கும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பெரும்பாலானவை இந்த வகை. நுரை அடங்கியபின் வாளியின் சுவரில் வளையமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்கும் இதுவே. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் வேப்பங்கொழுந்துபோல் கசக்கும். கெடுதல் எதுவும் இல்லை.

இந்தக் கட்டத்தில் பயம் தேவையில்லை என்பதற்குக் காரணம், வாளிக்குள் நொடிக்கு நொடி கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டிருப்பது. காற்று உள்ளே நிற்க வழியில்லை. மேற்பரப்பில் வளரும் எதற்கும் காற்று வேண்டும். ஆகவே முதல் 4, 5 நாட்களில் எது தோன்றினாலும் மூடியை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே சரி.

இரண்டாம் வாரம் சங்கடமானது. நுரை அடங்கிவிடும், பழுப்பு நீர்ப்பரப்பில் வெள்ளையாகத் தீவு தீவாக ஏதோ நிற்கும். ஆப்பத்தின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டதுபோல் விளிம்பு ஒழுங்கில்லாமல், பளபளப்பு இல்லாமல். பெரும்பாலும் அது ஈஸ்ட். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஈஸ்ட் திரள்களைச் சின்னக் குமிழிகள் தூக்கிப் பிடித்திருக்கின்றன. வாளியை மெல்லத் தட்டினால் சில மூழ்கும். சந்தேகம் தீர நான் செய்வது, வாளியை 2, 3 நாள் குளிரில் வைப்பது. 4 டிகிரிக்கு இறங்கினால் ஈஸ்டும் ஹாப்ஸ் துணுக்கும் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். பரப்பில் வளர்ந்த ஏடு மூழ்காது. கண்ணால் பார்த்து வாதாடுவதைவிட இந்தச் சோதனை மேல். எண்ணெய்போல் மினுங்கும் படலம் ஹாப்ஸ் எண்ணெயாகவோ, கொக்கோ, தேங்காய் சேர்த்திருந்தால் அவற்றின் கொழுப்பாகவோ இருக்கும், அதை விட்டுவிடலாம்.

மூழ்காத அந்த ஏட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை, சுவை பார்க்கும் ஆசையில், ஒரே வாளியை 2 வாரத்தில் நான்கு தடவை திறந்தேன். ஐந்தாம் தடவை திறந்தபோது பரப்பு முழுவதும் மாவு தூவினாற்போல் மங்கியிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். ஆறிய பாலின் ஆடைபோல மெல்லிய படலம், அங்கங்கே சுருக்கம், அடியில் பட்டாணி அளவுக் குமிழிகள் சிறைப்பட்டு அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு குமிழிக்கும் அடுத்ததற்கும் இடையே நரம்புபோல் வெள்ளைக் கோடுகள். கரண்டி நுனியால் தொட்டதும் கிழிந்து, கிழிந்த ஓரம் சுருண்டது. வாடை மோசமில்லை, பழுத்த அன்னாசியும் கொஞ்சம் ஈரத்தோலும். மாவடு ஜாடியில் உப்பு குறைந்த வருடங்களில் அம்மா வழித்து எறியும் வெள்ளை ஆடையை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. நினைப்பு பிழையில்லை. பிக்கியா, கேண்டிடா இனத்துக் காட்டு ஈஸ்டுகள் இரண்டு இடத்திலும் அந்த வேலையைச் செய்கின்றன.

பீரில் ஏடு கட்டும் கூட்டத்தில் இவை தவிர பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் உண்டு. லாக்டோபேசில்லஸ், பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் உண்டு. காடி உண்டாக்கும் அசிட்டோபேக்டர் உண்டு. எது கட்டியது என்று ஏட்டின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே நுண்ணுயிர் ஒரு வாளியில் சுருக்கமாகவும் இன்னொன்றில் மழமழப்பாகவும் கட்டும். காற்றில்லாவிட்டால் கட்டவே கட்டாது. தெளிந்த பரப்புக்குக் கீழேயும் அது பெருகிக்கொண்டிருக்கலாம். ஏடு இல்லை என்பதால் வேண்டாத விருந்தாளி இல்லை என்று ஆகாது.

இந்தப் பாடத்தை ஆலைக்காரர்கள் படிக்கவே நெடுங்காலம் ஆயிற்று. 1871-இல் லூயி பாஸ்டர் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்டை நுண்ணோக்கியில் வைத்து அதிலிருந்த அந்நிய உயிர்களைக் காட்டினார். ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி போனபோது அவர்களே ஒரு நுண்ணோக்கி வாங்கியிருந்தார்கள். 1876-இல் பீரைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் வந்தது. 1883-இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். அதன்பின் காட்டு ஈஸ்ட் எல்லாம் பகை என்று ஆனது. ஆனால் 1904-இல் அதே நகரத்தைச் சேர்ந்த நீல்ஸ் கிளாவுசன், நாள்பட வைத்த ஆங்கிலேய பீர்களின் மணத்துக்குக் காரணமே ஒரு காட்டு ஈஸ்ட் என்று காட்டி அதற்குப் பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். பிரிட்டனின் பூஞ்சை என்று பொருள். பகை என்று துரத்தியதைப் பெயர் வைத்து அழைத்த அந்த வருடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏடு என்றாலே கேடு என்ற கணக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பீர் அந்தக் கணக்குக்கு எப்போதுமே அடங்கியதில்லை. காய்ச்சிய சாற்றை அகன்ற ஆழமற்ற தொட்டியில் ஓர் இரவு திறந்து போட்டு, காற்றில் வரும் உயிர்களே புளிக்க வைக்கும்படி விடுகிறார்கள். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம். இடையில் பெடியோகாக்கஸ் அதை வெண்டைக்காய் நீர்போல் கொழகொழப்பாக்கிவிடும். பிரெட்டனோமைசிஸ் மெல்ல மெல்ல அந்தக் கொழகொழப்பைத் தின்று தீர்க்கும். மேலே படியும் ஏட்டை யாரும் கிழிப்பதில்லை. கீழே இருக்கும் பீரைக் காற்றிலிருந்து காக்கும் மூடி அது. ஸ்பெயினின் ஹெரெஸ் ஊரில் ஷெர்ரி மதுவின் ஒரு வகை, ஈஸ்ட் ஏட்டின் கீழேதான் முதிர்கிறது. லாம்பிக்கிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: முதல் சில வாரங்களில் குடல் பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்தவை அதில் வளரும். பிஹெச் 4.5-க்குக் கீழே இறங்கும்வரை அதைச் சுவைக்காமல் இருப்பது நல்லது. முழுதாக முதிர்ந்தபின் அவை இருப்பதில்லை.

ஆகவே ஏடு படிந்த வாளியில் உடம்பைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ருசி. மூக்கு அதைச் சொல்லும். காடி நெடி எழுந்தால் அசிட்டோபேக்டர். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், பழ ஈக்களும் அதைச் சுமந்து வரும், மூடியின் இடுக்கைப் பாருங்கள். நகப்பூச்சு நெடி என்றால் ஈத்தைல் அசிடேட். அது நாளாக ஆகக் கூடவே செய்யும். வெண்ணெய் வாடைக்குப் பெடியோகாக்கஸ் காரணமாக இருக்கலாம், ஈஸ்ட் வேலையை முடிக்காததும் காரணமாக இருக்கலாம். குதிரை லாயத்து வாடை பிரெட்டனோமைசிஸ்; அதை விரும்பிக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏட்டைக் கலக்காமல், குழாயை நடு ஆழத்தில் விட்டு ஒரு டம்ளர் எடுத்து முகர்ந்து, ஒரு மிடறு மட்டும் சுவைத்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஏட்டுக்கு அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, மேலே இரண்டு விரற்கடை விட்டுவிட வேண்டியதுதான்.

பூஞ்சணம் வேறு ஜாதி. ஏடு நீரோடு படுத்திருக்கும். பூஞ்சணம் நீரைவிட்டு எழும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அதன் மயிரிழைகளுக்கு நிழல் விழும். வட்ட வட்டமாகத் தொடங்கும். நடுவில் பச்சை, நீலம், கருப்பு, ஓரத்தில் வெள்ளை. தொட்டால் உலர்ந்த பஞ்சு. மாம்பழத் துண்டோ பெர்ரியோ போட்டிருந்தால் மிதக்கும் பழத்தின் முதுகில்தான் முதலில் வரும், ஏனெனில் அங்கேதான் ஈரமும் காற்றும் உணவும் ஒன்றாக இருக்கின்றன. தினம் பழத்தை அமிழ்த்திவிட்டால் பெரும்பாலும் வராது.

பூஞ்சணம் வந்தபின் என்ன செய்வது என்பதில் காய்ச்சுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு சின்னத் திட்டுதான், வழித்துவிட்டு அடியிலிருந்து எடுத்தால் போதும், ஆல்கஹாலும் புளிப்பும் இருக்கும் இடத்தில் அது நஞ்சை அதிகம் உண்டாக்காது என்பது ஒரு கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வழித்துவிட்டுக் குடித்து நலமாக இருப்பவர்களை அறிவேன். ஆனாலும் நான் மற்றக் கட்சி. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடிப்போனபோது தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் பிடிபட்டது. அந்த நஞ்சுக்கு மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, ஈரலை மெல்லக் கெடுக்கும். எல்லாப் பூஞ்சணமும் நஞ்சு கக்காது என்பது உண்மைதான். உங்கள் வாளியில் இருப்பது எது என்பதை அடுக்களையில் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதும் உண்மை. திடமான பாலாடைக்கட்டியில் கெட்ட பாகத்தை வெட்டி எறியலாம்; திரவத்தில் வெட்டுவதற்கு எல்லை எங்கே? மால்ட்டுக்கும் ஹாப்ஸுக்கும் கொடுத்த காசை நினைத்து மனம் அடித்துக்கொள்ளும். கொட்டிவிடுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பாக எதுவும் படிந்தாலும் எனக்கு அதே முடிவு. வாளியில் கீறல் இருந்தால் வாளியையும் சேர்த்து எறியுங்கள். பிளாஸ்டிக் கீறலுக்குள் கிருமிநாசினி சரியாக எட்டாது.

ஆனால் பீர் குடித்துக் கூட்டமாக மனிதர்கள் செத்த இடங்களில் மேற்பரப்பு என்ன சொன்னது? 1900-இல் மான்செஸ்டரிலும் சுற்று ஊர்களிலும் பீர் குடித்த 6,000-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். குறைந்தது 70 பேர் இறந்தார்கள். பீருக்குச் சேர்த்த சர்க்கரையைத் தயாரிக்கப் பயன்பட்ட கந்தக அமிலத்தில் ஆர்செனிக் இருந்தது. நுரை எப்போதும்போல் இருந்தது. 1965, 66-இல் கனடாவின் கியூபெக் நகரத்தில் நிறையக் குடிக்கும் ஆண்கள் சிலர் இதயம் வீங்கி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். சுமார் 20 பேர் இறந்தார்கள். பீர் நுரை நெடுநேரம் அழகாக நிற்கவேண்டும் என்பதற்காகக் கோபால்ட் உப்பைச் சேர்த்திருந்தார்கள். அதாவது அங்கே மேற்பரப்பு வழக்கத்தைவிட அழகாகவே இருந்தது. இதை முதன்முதல் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மூன்றாவது சம்பவம் இன்னும் நெருக்கமானது. 2015 ஜனவரியில் மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில், சிட்டிமா என்ற ஊரில், ஒரு சாவு வீட்டில் பொம்பே என்ற நாட்டு பீர் பரிமாறப்பட்டது. 230-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 75 பேர் இறந்தார்கள், காய்ச்சிய பெண்ணும் அவர்களில் ஒருவர். முதலைப் பித்தத்தை யாரோ கலந்துவிட்டதாக முதலில் பேச்சு எழுந்தது. ஆய்வகங்கள் கண்டுபிடித்தது போங்க்ரெகிக் அமிலம். பர்க்ஹோல்டேரியா கிளாடியோலி என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. வெள்ளத்தில் நனைந்து கெட்டுப்போன மக்காச்சோள மாவில் அது வளர்ந்திருந்தது. நொதித்த பானைக்கு அருகில் நின்று யார் எத்தனை கூர்ந்து பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. நஞ்சு மாவோடு வந்தது. ஆகவே தானிய மூட்டையைப் பாருங்கள் என்கிறேன்: நனைந்து காய்ந்த பார்லி, கட்டி தட்டிய மாவு, முக்கல் வாடை அடிக்கும் மால்ட் எதுவானாலும் காய்ச்சும் பானைக்குள் போகக்கூடாது. வாளியின் மேல் காட்டும் அக்கறையில் பாதியை மூட்டையின் மேல் காட்டினால் போதும்.

புட்டிக்கு வருகிறேன். ஏடு படிந்த என் வாளியை, ருசி நன்றாக இருந்ததால், வழக்கமான அளவு சர்க்கரை சேர்த்துக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். ஆறு வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் ஒன்று வெடித்தது. வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கதவைத் திறந்தபோது கண்ணாடிச் சில்லு ஒன்று ஒட்டுப்பலகைக் கதவில் அரை அங்குலம் இறங்கியிருந்தது. முழங்கால் உயரம், ஒரு குழந்தைக்கு அது முகத்தின் உயரம். மீதிப் புட்டிகளின் கழுத்தில், பீர் முடியும் இடத்தில், மெல்லிய வெள்ளை வளையம் இருந்தது. அடைத்த புட்டியில் நான் உண்மையாகவே அஞ்சும் மேற்பரப்பு அடையாளம் அந்த வளையம்.

நடந்தது எளிய கணக்கு. சாதாரண பீர் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரைகளைக் காட்டு ஈஸ்ட் மெதுவாகத் தின்றுகொண்டே இருந்தது. ஹைட்ரோமீட்டர் அளவு 0.001 இறங்கினால் தோராயமாக பீரின் கொள்ளளவில் பாதி அளவு வாயு கூடும். சாதாரணமாகப் புட்டியில் இருக்கவேண்டியது 2.4 மடங்கு. 1.010-இல் அடைத்தது 1.006-க்கு இறங்கினால் 4 மடங்கைத் தாண்டிவிடும். சாதாரண பீர் புட்டி அதற்குச் செய்ததல்ல. ஏடு கண்ட பீரில் 3 நாள் ஒரே அளவு காட்டியதும் அடைத்துவிடும் வழக்கம் போதாது. மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

தம்பியின் பதில்கள் சில நாள் கழித்து வந்தன. பரப்பில் இருப்பது ஈரமாகத்தான் படுத்திருக்கிறது, மயிர் இல்லை. இரண்டு நாள் குளிரில் வைத்தும் மூழ்கவில்லை. காடி நெடி இல்லை, "பலாப்பழ வாசம் மாதிரி ஒண்டு வருது அண்ணை." போன ஞாயிறு 1.012, இந்த ஞாயிறு 1.009. உடம்புக்குப் பயமில்லை, கண்ணாடியில் மட்டும் அடைக்காதே என்றேன். பிளாஸ்டிக் சோடாப் புட்டிகள் சேர்த்து வைத்திருக்கிறானாம். 14 புட்டி நிரம்பியது. குளிர்பெட்டியில் இடம் போதாமல் மீன் வைக்கும் தட்டை எடுத்துவிட்டு அடுக்கியிருக்கிறான். தினம் காலையில் வேலைக்குப் போகும்முன் ஒவ்வொரு புட்டியாக விரலால் அமுக்கிப் பார்த்து, கல்லுப்போல் இறுகியதை மட்டும் கொஞ்சம் திறந்து மூடுகிறான்.